கடைசி சீட்டுக்காரி

புது வண்டி வாங்குவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆள் நிபுணராகிவிட்டார்கள். என் கணவர் இணையத்தில் வண்டி விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, சோற்றைப் பிசைந்துகொண்டே ‘சஸ்பென்ஷன்’, ‘கேபின் சத்தம்’ என்று பேச ஆரம்பித்தார். மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வீடியோ எதுவும் பார்க்கவில்லை. எதையும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: கடைசி சீட்டு. கல்யாணமாகி வந்ததிலிருந்து என் இடம் அது. பழைய வண்டியில் கணவரும் மாமாவும் முன்னால், அத்தையும் என் பிள்ளைகள் இருவரும் நடுவில். பின்னால், பக்கவாட்டில் போட்ட பெஞ்சில் நான், பெட்டிகள், சாப்பாட்டுத் தூக்கு. வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு அப்படித்தான் போனேன், கையில் எலுமிச்சம்பழமும் மடியில் பாலித்தீன் பையுமாக. தூரத்தில் மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும் மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எனக்கு வருவது பக்தி இல்லை, இறங்கப்போகிறோம் என்ற நிம்மதி. புது வண்டியிலும் கடைசி சீட்டு இப்படியே இருந்தால் இன்னொரு பத்து வருசத்துக்கு எனக்கு விமோசனம் கிடையாது.

காரைக்குடி ஷோரூமில் ஏசி அருமையாக இருந்தது. வெளியே இருந்த வெயிலுக்கு, அந்த ஏசியே பாதி வண்டியை விற்றுவிடும். மாமா டேஷ்போர்டை விரல் மடக்கித் தட்டினார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி.

“உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி கேக்குதே?”

டை கட்டிய விற்பனையாளர், “சாஃப்ட் டச் சார். அழுத்திப் பாருங்க” என்றார்.

மாமா அழுத்தினார். அமுங்கியது. “அமுங்குனா நல்லதா கெட்டதா?” என்று கேட்டார். விற்பனையாளர் பேச்சை மாற்றி, கூரையிலிருந்த கண்ணாடியைத் திறந்து காட்டினார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வெயிலுக்கு ஒளிந்து ஒளிந்து நடக்கிற ஊரில் கூரையில் ஓட்டை போட்டு விற்கிறார்களே, அவர்கள் தைரியத்தைச் சொல்ல வேண்டும். கணவர் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அத்தை சீட்டின் வெளிர் நிறத்தைத் தடவிவிட்டு, “பிள்ளைக இதுல கால வச்சா யாரு தொடைக்கிறது?” என்று என்னைப் பார்த்தார். பதில் அவருக்கே தெரியும்.

நான் நேராகப் பின்னால் போனேன். நடுச் சீட்டை மடக்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முழங்கால் தாடைக்கு வந்தது. சன்னல் என்று பேருக்கு ஒன்று இருந்தது, திறக்காது. கையருகே காபிக் கோப்பை வைக்க ஒரு குழி. மனுசி உட்கார இடமில்லை, காபிக்கு இருந்தது.

விற்பனையாளர் எட்டிப் பார்த்து, “அது சின்னப் பிள்ளைங்களுக்கு மேடம்” என்றார்.

“அந்தச் சின்னப் பிள்ளை நாந்தாங்க” என்றேன். யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது முன்சீட்டில் விற்பனையாளர் உட்கார வேண்டும் என்றார்கள். மாமாவுக்கு இடம் போயிற்று. நடுவில் அத்தையும் பிள்ளைகளும் ஏற்கெனவே ஏறி அமர்ந்தாயிற்று. எனக்கு அப்போதுதான் அந்தக் குறும்பு தோன்றியது.

“மாமா, எல்லாத்தையும் தட்டிப் பாத்தீக. கடைசி சீட்டை மட்டும் பாக்கலையே?”

“பாத்துட்டாப் போச்சு. வகுப்புக்குள்ள போனா கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ப் பாக்கணும்த்தா” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து சொருகிக்கொண்டார்.

கோட்டையூர்ப் பக்கம் போனோம். முதல் வேகத்தடையில் முன்னாலிருந்து கணவர், “ஏறி எறங்குனதே தெரியலைப்பா!” என்று கத்தினார். அதே நேரத்தில் மாமாவின் தலை கூரையில் இடித்தது. அடுத்த வேகத்தடையில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. கௌரவமாக எடுத்து மாட்டிக்கொண்டார். பள்ளத்தூர் நெருங்கும்போது முகம் வெளுத்து, நெற்றி வியர்த்துவிட்டது. கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார்.

“நிறுத்தச் சொல்லுத்தா.”

சாலையோரப் புளியமரத்தடியில் மாமா வாந்தியெடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பாவம்தான், ஆனாலும் இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு, “வருசா வருசம் இப்படியா வந்த?” என்று கேட்டார்.

“ஆமா மாமா.”

“ஒரு வார்த்தை சொல்லலையே?”

“வாந்தி எடுத்தாலே தெரிஞ்சிரும்னு நெனச்சேன்.”

அவர் வண்டிக்குத் திரும்பிப் போய் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இந்த வண்டி வேணாம். கடைசி சீட்டுல மனுசர் உக்கார முடியாது.” அந்த வீட்டில் எனக்காக ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி மாமாவுக்கு நண்டு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

வேறு ஒரு கம்பெனி வண்டியை அவர்களே போய்ப் பார்த்து முடித்தார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் தேர்வு நேரம், போக முடியவில்லை. வண்டி வாசலுக்கு வந்ததும் மாமா பின்கதவைத் தூக்கிக் காட்டினார். வெறும் சாமான் வைக்கும் இடம்.

“பாத்தியா? கடைசி சீட்டே கெடையாது! ஒனக்காகத்தான்.”

நான் எண்ணிப் பார்த்தேன். வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம். வீட்டில் ஆறு பேர். தலைமையாசிரியராக இருந்தவருக்கு, வங்கியில் வேலை பார்க்கிற அவர் மகனுக்கு, இந்தக் கணக்கு வரவில்லையா? அவ்வளவு பெருமையோடு நின்றவரிடம் அதை எப்படிக் கேட்பது? கிளம்பும் நாளில் ஏதாவது வழி செய்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

வேளாங்கண்ணிக்குக் கிளம்பும் நாளும் வந்தது. அவரவர் இடத்தில் அவரவர் ஏறிக்கொண்டார்கள். கதவு, கணவருக்குப் பிடித்த அதே சத்தத்தோடு மூடியது. நான் தூக்கும் கையுமாக வாசலில் நின்றேன். மாமா சன்னல் கண்ணாடியை இறக்கி, உண்மையான அன்போடுதான் சொன்னார்: “ஒனக்குத்தான் வண்டி ஒத்துக்காதேத்தா. வீட்டுல நிம்மதியா இரு. ஒனக்கும் சேத்து மெழுகுதிரி ஏத்துறோம்.” கணவர் வழிகாட்டும் திரையில் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார். வண்டி போய்விட்டது. வாந்தியெடுத்துக்கொண்டாவது இத்தனை வருசம் நான் அவர்களோடு போனேன். வாசலில் நின்று அழுதேன். பிறகு, யாருக்காக நிற்கிறேன் என்று கோபம் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பட்டுக்கோட்டையில் பஸ் மாறி, டிரைவருக்குப் பின்னால் சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது கணவர் கூப்பிட்டார்.

“பசிக்குதுங்கிறாக. சாப்பாட்டுத் தூக்கைக் காணமே, எங்க வச்ச?”

“எங்கிட்டத்தான் இருக்கு.”

“வீட்டுலயா?”

“இல்லைங்க, பஸ்ஸுல. புளிச்சோறு நல்லா இருக்கு.”

மாமாவின் குரல் தூரத்தில் ஏதோ கேட்டது. கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அப்பா கேக்குறாக... பஸ்ஸுல சீட்டு எப்படி இருக்காம்?”

நான் காலை நீட்டிப் பார்த்தேன்.

“ஆறு பேருக்கு இடம் இருக்குன்னு சொல்லுங்க.”