மேடையில் ஐம்பத்திரண்டு கிலோ

நம்பாவிட்டால் போங்கள். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ண நான் ஒன்றும் கோர்ட்டில் நிற்கவில்லை. இதைச் சொன்னதற்கு எங்கள் பாஸ்டரே கண்டித்தார். கண்டிக்கட்டும். 1996 மே மாதம், பட்டப்பகலில், இந்த ஜெயசெல்வி தன் இரண்டு கண்ணால் பார்த்தது இது.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு மதுரையில் எடைமேடை செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். லாரியை அப்படியே ஏற்றி எடை போடுவார்களே, அந்த மேடை. திருச்சுழி ரோட்டில் பொன்னுச்சாமி என்பவரின் கரி டெப்போவில் இருந்த பழைய எடைமேடையில் எங்கள் மிஷினை மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிஸ்ப்ளேயில் கண்டபடி எழுத்து ஓடுகிறது என்று போன். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அந்த போர்டு நீ செஞ்சது. மிஷின் திரும்பி வந்துச்சுன்னா நீயும் வேலைக்கு வர வேணாம்."

எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

பொன்னுச்சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளப் புள்ளயவா அனுப்பிருக்காக?"

"மிஷினுக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க."

"வாயி மட்டும் நல்லாருக்கு. ரெண்டு மணிக்கு லோடு லாரி வரும். அதுக்குள்ள சரியா காட்டணும். இல்லாட்டி கழட்டிட்டுப் போயிரு."

அவர் சாப்பிடப் போய்விட்டார். லோடு ஏற்றுகிறவர்களும் போய்விட்டார்கள். வாட்ச்மேன் மொக்கையன் மட்டும் தயங்கி நின்றார்.

"தாயி, உச்சிப்பொழுதுல இங்கன யாரும் இருக்க மாட்டோம். நீங்களும் ரோட்டுக் கடைக்கு வந்துருங்க."

"எனக்கு வேலை இருக்குண்ணே. நீங்க போங்க."

மேடைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். அது எடையை எழுத்து எழுத்தாகக் கேபிளில் அனுப்பும். கேபினுக்குள் இருக்கும் என் போர்டு அதை வாங்கி இரண்டு வரி டிஸ்ப்ளேயில் காட்டும். கோளாறு உடனே பிடிபட்டது. பெட்டி 2400 வேகத்தில் அனுப்புகிறது, என் போர்டு 9600-ல் வாசிக்கிறது. வேகத்தை மாற்றி ஆன் செய்தேன். கிறுக்கல் போய் எண் வந்தது.

52.

மேடையைப் பார்த்தேன். காலியாகக் கிடந்தது. வெயிலில் இரும்புத் தகடு மின்னியது.

கேபிளை உருவினேன். 'நோ டேட்டா' என்றது. செருகினேன். 52. அப்படியானால் டிஸ்ப்ளே பொய் சொல்லவில்லை, அடியிலிருந்துதான் வருகிறது. குழிக்குள் இறங்கித் தேடினேன். கல் சிக்கவில்லை. மண் அடைக்கவில்லை. மேலே ஏறும்போது தலைக்கு மேல் தகட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம்... நின்ற இடத்தில் கால் மாற்றுவது போல.

வெயிலில் இரும்பு விரியும் சத்தம் என்று சொல்லிக்கொண்டேன்.

கேபினுக்கு வந்து பூஜ்யம் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால், அந்த நேரம் மேடைமேல் என்ன பாரம் இருந்தாலும் மிஷின் அதை 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ளும். 0 வந்தது. எனக்குத் தைரியம் திரும்பியது. வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

"எந்தப் பேயா இருந்தாலும் நின்னது போதும். எறங்கு!"

திரும்பி டிஸ்ப்ளேயைப் பார்த்தேன்.

-52.

மேடைமேல் நின்றது எதுவோ... இறங்கிவிட்டது.

காற்றே இல்லை. கேபின் கதவு மெதுவாக அசைந்தது.

கரித்தூள் வாடை.

மூலையில் மரமுக்காலி ஒன்று கிடந்தது.

'க்ரீச்...'

யாரோ பக்கத்தில் மூச்சு விட்டார்கள்.

ஓடியிருக்கலாம். ஓடினால் வேலை போகும். பயத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது.

"இந்தா பாரு... இந்த வேலைய விட்டா எனக்கு வேற நாதியில்ல. அந்த முக்காலியிலயே உக்காரு. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

மறுபடி பொத்தானை அழுத்தினேன். 0.

எண் அசையவில்லை. இரண்டு மணிக்கு லாரி வந்து ஏறியது. எடை, வரும் வழியில் அருப்புக்கோட்டை மேடையில் போட்ட எடையோடு பொருந்தியது. பொன்னுச்சாமி கையெழுத்துப் போட்டார். மூலைப் பக்கம் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான்காம் நாள் மத்தியானம் டெப்போ கேபினிலிருந்து கம்பெனிக்குப் போன் வந்தது. மொக்கையன்.

"தாயி, எடையெல்லாம் கரெக்டா காட்டுது. ஆனா கேபின்ல இருக்க முக்காலிய நகட்ட முடியல. ரெண்டு பேரு புடிச்சாத்தான் அசையுது. நீங்க எதுவும் பேசினீகளா?"

சொன்னேன். முக்காலியில் உட்கார வைத்ததையும் சொன்னேன்.

"அது செல்லக்கிளி தாயி. லோடு ஏத்துற புள்ள. மூணு வருசத்துக்கு முந்தி லேட்டா வந்துச்சுன்னு நரிக்குடி காண்ட்ராக்டரு அத எடைமேட மேல நிக்க வச்சாரு. நான் சொல்ற வரைக்கும் எறங்கக் கூடாதுன்னுட்டு சாப்பிடப் போனாரு... மறந்துட்டாரு. அந்த வெயில்ல நின்னவாக்குலயே போய்ச் சேந்துருச்சு."

அவன் சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன். பாவி, எனக்கும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"அண்ணே, போனை முக்காலிக்கிட்ட கொண்டு போங்க."

"தாயி, வேணாம்..."

"கொண்டு போங்க!"

போனில் இரைச்சல். அப்புறம் மூச்சுச் சத்தம். அது மொக்கையனுடையது இல்லை.

"செல்லக்கிளி... எந்திரி. ஒன்ன நிக்க வச்சவன் வீட்டுக்குப் போ. அங்க போயி உக்காரு."

'க்ரீச்...'

மொக்கையன் அலறினார். லைன் கட் ஆனது.

அடுத்த மாதம் சர்வீஸுக்குப் போனேன். முக்காலியைக் காலால் தள்ளிப் பார்த்தேன், எளிதாக நகர்ந்தது. மொக்கையன்தான் மெல்லச் சொன்னார். போன் வந்த அதே மத்தியானத்திலிருந்து நரிக்குடி காண்ட்ராக்டர் படுத்த படுக்கையாம். நெஞ்சு மேல் என்னவோ உட்கார்ந்திருக்கிறது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது என்று கத்துகிறாராம். மதுரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். டாக்டர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் எழுந்திருக்கச் சொன்னால் அவள் கேட்பாள். எனக்குத் தெரியும்.

இன்றுவரை சொல்லவில்லை.