காது மெலிந்த மணிக்கூடு

விலை உயர்ந்த கைமணிக்கூடு விற்கிற கடையில் எல்லாம் கேட்பார்கள், நேரம் மட்டும் கேட்க மாட்டார்கள். என்னைப்போல் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று, சிரித்துச் சிரித்தே தாடை நொந்துபோன சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்கும். எங்கள் கடை மட்டக்களப்பு நகரில். நாங்கள் விற்பதில் ஒரு மொடல் வரிசைக்கு மட்டும் ஐந்து தலைமுறை. அந்த ஐந்தாவது வந்து ஒரு கலியாணத்தையே உலுக்கிவிட்டது.

நான்காவது செய்த பாவம்

ஐந்தாவது வருமுன் கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து எங்களுக்கு வரலாறு படிப்பித்தார். முதலாம் தலைமுறை மெல்லியது. இரண்டாவதில் சாவி கொடுக்கிற திருகுக்கு இரண்டு பக்கமும் தோள் முளைத்தது. மூன்றாவதில் திகதிக்கு மேல் பூதக்கண்ணாடி. நான்காவதில் வார் பூட்டுகிற காதுகள் தடித்தன. அதற்குப் பெயர் ‘கம்பீரம்’. ஐந்தாவதில் அதே காதுகள் மறுபடி மெலிந்தன. அதற்குப் பெயர் ‘நளினம்’. நான் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரிப் பாடமாக்கினேன். என்னோடு வேலை செய்கிற ரஜனி அக்கா கையை உயர்த்தினார்: “அப்ப நாலாவது வடிவில்ல எண்டு தெரிஞ்சுதானா சேர், இவ்வளவு நாளும் வித்துக்கொண்டிருந்தம்?”

முந்நூறு மீற்றர்

தலைமுறை ஏற ஏற, தண்ணீர் தாங்குகிற ஆழமும் ஏறியது. பனிச்சங்கேணியிலிருந்து வந்த இறால் வியாபாரி ஒருவரிடம், “முந்நூறு மீற்றர் ஆழத்திலயும் ஓடும் அண்ணன்” என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். அவர் மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவனமாகத் திரும்பத் தந்தார். “எங்கட வாவிக்குள்ள முந்நூறு மீற்றர் இறங்கிறதெண்டா முதல்ல கிணறு வெட்டோணும், தங்கச்சி.”

நானாவின் கண்

ஓட்டமாவடியில் நெல் வியாபாரம் செய்கிற ஹாஜியார் ஒருவர், தன் மகளுக்குப் பேசிய, கட்டாரில் வேலை செய்கிற மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்காக நான்காம் தலைமுறையை எங்களிடம் வாங்கியிருந்தார். கொஞ்ச நாளில் ஐந்தாவது வந்துவிட்டது. மாப்பிள்ளையின் நானா, அதாவது மூத்த சகோதரர், பெட்டியையும் ஹாஜியாரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படமெடுத்து, பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். புதியது வராமல் கலியாணத்துக்கு நாள் வைக்க முடியாதாம்.

விற்றதை நாங்கள் திருப்பி எடுப்பதில்லை. நான் அதைச் சொன்னதும் ஹாஜியார் மெதுவாக, வட்டை வயலில் ஒரு துண்டை விற்றாவது புதியதை வாங்கித் தருகிறேன் என்றார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன், சிரிக்கத்தானே சம்பளம். நானாவுக்குக் குரலைத் தாழ்த்தவே தோன்றவில்லை: “காது தடிச்சதக் கட்டிக்கிட்டு மாப்புள எப்பிடிப் பந்தலுக்குள்ள வாற? ஊரு சிரிக்கும்.”

கேட்டுச் சொல்கிறவர்

மறுநாள் ஹாஜியார் மகளோடு வந்தார். பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை. இரண்டு மணிக்கூட்டையும் மேசையில் வைக்கச் சொல்லி, உள்ளே ஓடுகிற இயந்திரமும் வேறா என்று என்னிடம் கேட்டார். ஒன்றுதான் என்றேன். பின்னால் நின்ற முகாமையாளர் பலமாக இருமினார்.

மகள் அங்கேயே கட்டாருக்கு அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். “வாப்பா வயல விக்கப் போறாரு. உங்களுக்குப் புது மொடல்தான் வேணுமா?” மாப்பிள்ளை, “நானாக்கிட்டக் கேட்டுச் சொல்றன்” என்றார்.

மகள் அழைப்பைத் துண்டித்தார். ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். மகள் பழைய மணிக்கூட்டை எடுத்துத் தகப்பனின் கையில் பூட்டிவிட்டார். “வயல விக்க வேணாம் வாப்பா, இந்தச் சம்பந்தமும் வேணாம். அவரு கேட்டு முடியிற வரைக்கும் நீங்க இதுல நேரம் பாருங்க.”

தலைமுறைக்குத் தலைமுறை மணிக்கூட்டில் எதையாவது மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளைமார் மட்டும் இன்னும் முதலாவது மொடல்தான்.