சூடு போகாத குழாய்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குச் சுடுதண்ணீர் பொய்லர் பூட்டியிருக்கிறோம் என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். கற்பிட்டி வெயிலில் கூரைத் தாங்கியில் நிற்கும் தண்ணீரே பகலில் கையைப் பொசுக்கும், இதற்குள் பொய்லர் ஒரு கேடா என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அது என் நானாவின் கால்களுக்காக, விடியற்காலை ஸுபஹ் தொழுகை நேரத்துக்காகப் பூட்டியது.

நானா, என் கூடப்பிறந்த மூத்தவர், கடலட்டைக்கு முக்குளிக்கப் போய்வந்தவர். ஒருநாள் ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வந்தார். படகில் ஏறி உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தாராம். பிறகு எழும்பப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கால்கள் இரண்டும் இருந்தன, ஆனால் அவருக்கு இல்லை. அதிலிருந்து சக்கரக் கதிரைதான். கிள்ளினாலும் தெரியாது, எறும்பு கடித்தாலும் தெரியாது. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் அந்தக் கால்கள் தாமாகவே விறைத்து உதறும். ஒருமுறை உதறிய உதறலில் கதிரையோடு சேர்த்து அவரைக் கீழே தள்ளிவிட்டன. கிளினிக்கில், கால்களைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருந்தால் இளகும் என்றார்கள்.

குளிக்க வைப்பது, உடுப்பு மாற்றுவது, கக்கூசுக்குக் கொண்டுபோவது எல்லாம் மதினிதான். நாற்பது அடி ஆழத்தில் தனியாக நின்ற மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் தன் கையால் செய்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுளூ. மனைவியின் கை பட்டால் வுளூ முறியும் என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். அதனால் அந்த நேரத்தில் மதினி பக்கத்திலேயே போகமாட்டா. கதவைச் சாத்திக்கொண்டு நானா தனியாகச் செய்வார். அந்தக் கால் மணித்தியாலம்தான் அவர் யாருடைய தயவிலும் இல்லாத நேரம். கதவுக்குள்ளே அவர் தொண்டையைச் செருமும் சத்தத்தில்கூட ஒரு பழைய கெத்து இருக்கும்.

அந்த இடத்தைக் கட்டிக்கொடுத்தது நான். எனக்குக் குழாய் வேலை. கண்டக்குழி, ஆலங்குடா லொட்ஜுகளில் என்னை பைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு லொட்ஜைத் திருத்தியபோது கழற்றிப் போட்ட பொய்லரைக் கேட்டு வாங்கிவந்து, குசினிக்கு வெளியே சுவரோரம் நிறுத்தினேன். அங்கேயிருந்து வீட்டின் பின்சுவர் நீளத்துக்கும் இரும்புக் குழாய் ஓடி நானாவின் அறைக்குப் போகும். கதிரையில் இருந்தபடியே எட்டும் உயரத்தில் ஒரு குழாய், அதன் கீழே சீமெந்தில் சின்னத் தொட்டி. கால்களைக் கையால் தூக்கித் தொட்டிக்குள் வைத்துக்கொள்வார்.

ஆனால் சூடு வந்து சேரவில்லை. குழாய் முழுக்கக் கடற்காற்றுக்குத் திறந்து கிடந்தது. பொய்லரில் கொதித்த தண்ணீர் அறைக்கு வரும்போது தேத்தண்ணி ஆறிய பதத்தில் வந்தது. யாராக இருந்தாலும் சூடு வரும்வரை குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார்கள். நானா செய்யமாட்டார். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து முகாமில் கிடந்த காலத்தில் பவுசர் வண்டித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவர். தண்ணீர் சும்மா ஓடினால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். "இஸ்ராப், இஸ்ராப்," வீண்விரயம் பாவம் என்று வீட்டையே இரண்டாக்குவார். குழாயில் நின்ற ஆறல் தண்ணீரிலேயே வுளூ செய்து முடிப்பார். பிறகு கால்களைத் தொட்டிக்குள் வைத்து, குழாயை நூல்போல மெல்லிசாகத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாங்கு சொல்லும்வரை தஸ்பீஹ் மணி உருட்டுவார். அந்த நூல் தண்ணீர் குழாயில் ஊர்ந்து ஊர்ந்து வரும். வந்து சேரும்போது அதில் சூடு என்று சொல்ல ஏதும் மிஞ்சாது. நான் பொய்லரின் அடியிலிருந்த சூட்டுக் குமிழை ஒவ்வொரு கோடாகக் கூட்டி, கடைசியில் அது திரும்ப இடமில்லாத மட்டும் திருகிவைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை என்றார்.

அந்த வருடம் ஆலங்குடாவில் ஒரு லொட்ஜில் எனக்கு இரண்டு கிழமை வேலை. காற்றில் பட்டம் கட்டிப் பலகையில் ஏறிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் மாலையில் வந்து சுடுதண்ணீரில் குளிப்பார்கள். நாள் முழுக்க வெயிலில் வெந்துவிட்டு வந்து சுடுதண்ணீர் கேட்கிறதுகளே என்று எனக்குச் சிரிப்பு வரும். முதலாளிக்குக் கரண்ட் பில்லைப் பார்த்து அழுகை வரும். சூடு குழாயிலேயே காணாமல் போகிறது என்று காட்டி, குழாய்களுக்கெல்லாம் பஞ்சுறை போட்டுக் கட்டினேன். கட்டி முடித்த குழாயின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கொதிதண்ணீர் ஓடினாலும் கைக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அதுதான் நல்ல வேலைக்கு அடையாளம். முதலாளி கை வைத்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினான். எனக்குப் பெருமையில் தலை வீங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் எங்கள் பொய்லருக்கு மேல் பூனை படுத்திருந்தது. எப்போதும் அங்கேதான் படுக்கும், அன்றுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் நானாவின் சூட்டில் பூனைதான் குளிர் காய்ந்திருக்கிறது. ஊரான் குழாய்க்கெல்லாம் போர்வை போர்த்துகிற பெரிய பாஸ், சொந்த நானாவின் குழாயைக் காற்றில் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. லொட்ஜில் மிஞ்சிய உறைகளைக் கேட்டு எடுத்துவந்தேன். குழாய்க்கு அது போதும், பொய்லரின் உடம்புக்குத்தான் ஒன்றும் இல்லை.

யோசித்துக்கொண்டு நின்றபோது நானாதான் சொன்னார். "அலுமாரிக்கு மேல என்ட ரப்பர் உடுப்பு கிடக்கு. எடுத்து வெட்டு."

அவர் கடலுக்கு இறங்கும்போது போடும் உடுப்பு. அதை எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. "அதப் போய் வெட்டுறதா நானா?"

"பின்ன? நான் திரும்ப இறங்கப் போறனா? அதுக்குள்ள இருந்தா உடம்புச் சூடு ஒரு சொட்டும் வெளிய போகாதுடா. கடலடியிலயே போகல்ல, உன்ட குசினிச் சுவரிலயா போகப் போகுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு கடலைப் பற்றிய கதையில் அவர் சிரித்தது அன்றுதான். உடுப்பின் கைகளையும் கால்களையும் வெட்டிப் பிரித்து, பொய்லரைச் சுற்றி இரண்டு மடிப்பாக இழுத்து, வலை முடியும் நைலோன் நூலால் இறுக்கித் தைத்தேன். ஒரு வேலையை அவ்வளவு ஆசையாக நான் செய்ததில்லை. இப்போது நினைத்தால் அந்த ஆசையைத்தான் காறித் துப்பத் தோன்றுகிறது.

வேலை முடிந்த அன்றே, அஸர் தொழுகைக்குப் பிறகு, நானாவின் அறையில் குழாயைத் திறந்து கை நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் சுரீரென்றது. "மாஷா அல்லாஹ்!" என்று கையை உதறிக்கொண்டேன். கதிரையை உருட்டிக்கொண்டு நானா வாசலுக்கு வந்தார்.

"எப்பிடி, சரியா?"

"சரி நானா, அந்த மாதிரி! இனி விரயம் எண்ட கதையே இல்ல. நூலாத் திறந்தாலும் சூடு குறையாது."

"நல்லம்," என்றார்.

அதை என் வாயாலேயே சொன்னேன். நூலாகத் திறந்தாலும் சூடு குறையாது என்று நானே சொல்லிவிட்டு, அந்த நூலுக்குக் கீழே வைக்கப்படுவது எந்தக் கால் என்று நினைக்கவில்லை. குமிழ் கடைசிக் கோட்டிலேயே நின்றது. குழாய் சூட்டைத் தின்னும் என்பதற்காகத்தானே கூட்டினேன், இனித் தின்னாது என்றால் குறைக்க வேண்டும் என்ற புத்தி ஏன் வரவில்லை? இருபது வருடமாகக் குழாயோடு கிடக்கிறவன். லொட்ஜில் என்றால் மறந்திருக்கமாட்டேன், வெள்ளைக்காரனின் தோல் சிவந்தால் முதலாளி கத்துவான்.

மறுநாள் ஸுபஹுக்கு நானா கதவைச் சாத்திக்கொண்டார். இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீர்தான் முதலில் வந்திருக்கிறது. கைக்கும் முகத்துக்கும் அது இதமாக இருந்ததாம். வுளூவை முடித்து, கால்களைத் தொட்டிக்குள் வைத்து, குழாயை நூலாகத் திறந்துவிட்டு, கண்ணை மூடித் தஸ்பீஹ் எடுத்தார். பாங்கு கேட்டதும் குழாயைப் பூட்டி, அரை இருட்டில் முழங்காலைப் பிடித்துக் கால்களை வெளியே தூக்கினார். கதிரையை அறையின் மறுபக்கம் உருட்டி, இருந்தபடியே சுன்னத்தும் பர்ளும் தொழுது, ஸலாம் கொடுத்து, துஆவும் கேட்டு முடித்தார். அதற்குப் பிறகுதான் மதினி துவாயோடு வந்து காலைத் துடைத்திருக்கிறா. தோல் துவாயோடு வந்துவிட்டது.

மதினியின் சத்தம் கேட்டு நான் ஓடியபோது நானா அவவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னத்துக்குக் கத்துறாய்? ஆருக்கு என்ன?" தனக்குத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. மதினியின் முகத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, கடைசியாகத்தான் குனிந்து காலைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கேட்டாள், "தண்ணியத் தொட்டுப் பாக்கல்லயா?" என்று. அவளை அறைந்துவிடலாம் போலிருந்தது. அறையப்பட வேண்டியவன் நான் என்று தெரிந்ததால் வந்த கோபம். சொந்தக்காரர்கள் வந்து, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. குமிழைத் திருப்பாமல் விட்டவன் குத்துக்கல்லாட்டம் இங்கே நிற்கிறான், ஏன் அல்லாஹ்வின் மேல் போடுகிறீர்கள்? ஒருவரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மதினி ஏசியிருக்கலாம். நானா ஏசியிருக்கலாம். இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். டாக்டர் அதைச் சொல்ல வந்தபோதும் நானா என் பக்கம் திரும்பாமல், "நீ சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டு கிடக்கிறது.

புண் ஆறும்வரை தண்ணீர் படக்கூடாது. தண்ணீருக்குப் பதில் மண்ணில் கை தட்டிச் செய்யும் தயம்மும்தான் என்று மௌலவி சொன்னார். கடலுக்குள் வாழ்ந்த மனிதருக்கு நான் ஒரு தட்டில் காய்ந்த மண் அள்ளிக் கொடுத்தேன், மாதக்கணக்காக.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்தியை எடுத்துக்கொண்டு பொய்லருக்குப் போனேன். அந்தக் கறுப்பு ரப்பரைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது. நைலோன் நூலை அறுக்கும் சத்தம் கேட்டு நானா ஜன்னலால் சொன்னார், "கழட்டாத. வீணாப் போகும்." அறுத்த இடத்தைத் திரும்பத் தைத்தேன்.

புண் ஆறியது. குமிழைக் குறைத்து, அது திரும்பாமல் கம்பியால் கட்டினேன். பச்சைத் தண்ணீர் கலப்பதற்கு இன்னொரு குழாயும் பூட்டினேன், முதல் நாளே பூட்டியிருக்க வேண்டியது. அதற்குப் பிறகும் நானா அந்தச் சுடுதண்ணீர்க் குழாயைத் தன் கையால் திறக்கவில்லை. ஒவ்வொரு ஸுபஹுக்கும் நான் போக வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் திறந்து, கலந்து, முழங்கையைக் காட்டிப் பார்த்து, "சரி" என்பேன். அவர் கால்களைத் தூக்கி வைப்பார். பாங்கு கேட்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். கதவு இப்போது சாத்துவதில்லை. தொண்டையைச் செருமும் அந்தச் சத்தமும் இல்லை.

போன மாரியில் ஒருநாள். மகளின் பிரசவத்துக்காக மதினி புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. இரவு லொட்ஜ் வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் எனக்கு மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. மழையில் அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அறைக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் நானா இருக்கிற வீட்டில் தண்ணீர் சும்மா ஓடுகிறது!

கதிரை கவிழ்ந்து கிடந்தது. நானா சீமெந்தில் கிடந்தார், சாரம் முழுக்க நனைந்து. கால்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று முறுகி உதறிக்கொண்டிருந்தன. திறந்திருந்தது பச்சைத் தண்ணீர்க் குழாய். கையை நீட்டி நீட்டிப் பார்த்திருக்கிறார், பூட்ட எட்டவில்லை. சுடுதண்ணீர்க் குழாய் இறுக்கிப் பூட்டியபடியே இருந்தது.

ஓடிப்போய்த் தண்ணீரைப் பூட்டிவிட்டு, அவரைத் தூக்கி என் மடியில் சாய்த்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"மத்தத திறந்திரிக்கலாமே நானா! குமிழக் கட்டித்தானே வெச்சிரிக்கன். நான்தான் நேத்தும் பாத்துச் சரியெண்டு சொன்னனே!"

நானா மூச்சு வாங்கினார். கால்களின் உதறல் அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏசுகிற குரலே இல்லாமல் சொன்னார்:

"அண்டைக்கும் நீ பாத்துத்தானே சரியெண்டாய்."

துவாயை எடுத்து அவர் கால்களைத் துடைத்தேன். முதலில் வலது கால், பிறகு இரண்டு விரல் மிஞ்சிய இடது கால். நான் துடைப்பது அவருக்குத் தெரியவில்லை.