பெரியவர் மேல் போட்ட பழி

என் அண்ணன் டில்லிபாபுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டோடு நின்றுவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். குடித்துக்கொண்டிருந்தவன், நெமிலிச்சேரி ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்ததும் விட்டான். அந்தப் புண்ணியம் பாஸ்டருக்கு. அப்பாகூட, "எந்த சாமி திருத்துனா இன்னா, திருந்துனா சரி" என்றுதான் சொன்னார்.

அப்பா துலுக்கானம், பூந்தமல்லி மெயின்ரோட்டோரம் ஷெட் போட்டுக் காகிதக்கூழில் பிள்ளையார் செய்து விற்கிறவர். இவனைப் படிக்கவைத்ததும் என் கல்யாணத்தை முடித்ததும் அந்தப் பிள்ளையார்கள்தான்.

வேதத்தைப் படித்ததோடு இவன் நின்றிருக்கலாம். பஸ்ஸில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மித்ராஷ் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டான். யூத மதகுருக்களான ரபிமார்கள் அந்தக் காலத்தில் வேதத்துக்குச் சொன்ன விளக்கமாம் அது. வேதம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், ஏன் என்று கேட்டுக் கதையால் விடை தேடுவார்களாம். கடவுள் திடீரென்று ஆபிரகாமை ஏன் கூப்பிட்டார்? அதற்கொரு கதை. ஆபிரகாமின் அப்பா சிலை வியாபாரி. அவர் இல்லாத நேரம் மகன் சின்னச் சிலைகளை உடைத்துவிட்டு, கட்டையைப் பெரிய சிலையின் கையில் வைத்தான். படையலுக்குச் சண்டை வந்து பெரியவர் உடைத்துவிட்டார் என்றான். சிலைக்கு ஏது அறிவு என்று அப்பா கத்த, இப்போது நீங்கள் சொன்னதை உங்கள் காதே கேட்கட்டும் என்று மடக்கினான்.

அப்பா சிலை வியாபாரி என்றதும் இந்த முட்டாளுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய பிள்ளையாருக்குக் கண் எழுதுகிற அன்று கொழுக்கட்டை படைப்பது எங்கள் வழக்கம். நான் அவித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா பெயின்ட் வாங்கப் போயிருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது சின்னப் பிள்ளையார் ஒன்றுகூட முழுசாக இல்லை. பெரியவர் கையில் கட்டை.

"கொழுக்கட்டைக்கு சண்ட நைனா. பெரியவருதான் எல்லாத்தியும் ஒடச்சாரு" என்றான், அப்பா கத்தினால் மடக்க வாய் நிறைய பதிலை வைத்துக்கொண்டு.

அப்பா கத்தவில்லை. பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். "அவரே ஒடச்சாருன்னா காரணம் இருக்கும். அவருக்கு ஆவாதவன் எவனோ இந்த ஊட்ல கீறான். துணிமணிய எடுத்துகினு கெளம்பு."

"நைனா, செல எப்டி ஒடைக்கும்?"

அப்பா சொல்ல வேண்டிய வசனத்தை இவனே சொல்லிவிட்டான்.

"நீதானே சொன்ன. நான் நம்பிட்டேன், கெளம்பு."

போனான். முன்பணம் கொடுத்தவர்கள் வந்து நின்றபோது, வாழ்நாளில் யாரிடமும் பேச்சு வாங்காத அப்பா கைகட்டித் தலைகுனிந்து நின்றார். அதற்காகவே இவனை நான் மன்னிக்கமாட்டேன்.

சண்டை போடத்தான் ஜெபவீட்டுக்குப் போனேன். பாஸ்டர் பதறிப்போனார். என் எதிரிலேயே இவனைக் கூப்பிட்டு வேதத்தைக் கையில் கொடுத்தார்.

"அந்தக் கதை இதுல எங்க இருக்கு, எடுத்துக் காட்டு."

புரட்டினான், புரட்டினான்.

"இல்லப்பா. அது ரபிமார் சொன்ன விளக்கம். அப்பாவ மதிக்கணும்ங்கறது மட்டும் நேராவே எழுதியிருக்கு. அத எந்த வீடியோலயும் பாக்கலியா?" என்றார் பாஸ்டர்.

ரபிமார்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கதைக்குள்தான் உடைத்தார்கள். இவன் எங்கள் சோற்றை உடைத்தான்.

சதுர்த்தி முடிந்த பிறகு ஒருநாள் ஷெட் வாசலில் வந்து நின்றான். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அப்பா கூழ் பிசைந்துகொண்டிருந்தார்.

"நைனா, நான்தான் ஒடச்சேன். பெரியவரு ஒடைக்கல."

அப்பா நிமிரவேயில்லை. "எங்கிட்ட ஏன் சொல்ற? பழிய அவரு மேலதானே போட்ட. அவராண்ட போய் சொல்லு."

அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான். பெரியவர் நின்ற இடத்தில் காலிச் சாக்குகள் கிடந்தன. அவரைக் காசிமேட்டுக் கடலில் கரைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.