கழுத்தில் ஏறிய கண்ணாடி

தெருவில் அவருக்கு 'மைக்செட்' என்று பேர். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிற தொழில். மூன்றாம் மாடியிலிருந்து குரல் கொடுத்தால் கீழே வண்டியில் இருக்கும் மச்சானுக்கு ஒரு சொல் பிசகாமல் கேட்கும். மச்சான், மனைவியின் தம்பி. வேலைக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள்.

அன்று ஒரு பெரிய கண்ணாடியைச் சட்டத்துக்குள் இறக்கும்போது அது உடைந்து, நீளத் துண்டொன்று அவர் கழுத்தின் இடப்பக்கம், தாடைக்குக் கீழே செருகி நின்றது. வலிகூடத் தெரியவில்லை, என்னமோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தார். பதறிப்போன மச்சான் ஒரே இழுப்பில் அதைப் பிடுங்கிவிட்டான். ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது. அவன் காயத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ஆட்டோவிலும் சரி, ஆபரேஷன் தியேட்டர் வரையிலும் சரி, விரலை எடுக்கவே இல்லை.

டாக்டரம்மா கழுத்தைத் திறந்து, அறுந்த ரத்தக்குழாயைக் கட்டி, உணவுக்குழாயில் விழுந்த ஓட்டையைத் தைத்தார். மூச்சுக்குத் தொண்டையில் ஒரு குழாய், சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு குழாய். கண் விழித்தவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"குழாய எடுத்தப்புறம் பேசுவார். ஆனா குரல் நரம்பு ஒண்ணு அறுந்திருக்கு, பழைய குரல் வராது" என்றார் டாக்டரம்மா.

"என் தம்பி பிடுங்கினதாலயா?" என்றாள் மனைவி.

"அது உள்ள போறப்பவே அறுந்திருக்கலாம், சொல்ல முடியாது. பிடுங்கியிருக்கக் கூடாதுதான். ஆனா அவர் விரலை எடுத்திருந்தா இவர் இங்க வந்தே சேர்ந்திருக்க மாட்டார்."

அவள் காதில் ஏறியது 'கூடாது' மட்டும்தான். பார்க்க வந்த தம்பியை வார்டு வாசலோடு திருப்பி அனுப்பினாள். அதைத் தடுக்க இவர் கையை ஆட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று உதட்டை நனைத்துவிட்டாள்.

தேறி எழுந்ததும், மச்சான் இப்போது மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கிடங்குக்குத் தேடிப் போய், பாதி காற்றாய் வந்த குரலில் கூப்பிட்டார்.

"கேக்கல மாமா" என்று குனிந்தான் அவன்.

"கண்ணாடி பிடிக்க ஆள் இல்லடா. வா."

"அக்கா?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் குழாயை மூடினாள். "உங்க கழுத்து, உங்க இஷ்டம். என் வாசல்ல மட்டும் அவன் வரக் கூடாது."

இப்போது மச்சான் தெருமுனையில் காத்து நிற்கிறான். வேலையில் முன்பைவிடக் கவனம். ஆனால் கண்ணாடியைத் தூக்கும்போது அவன் பக்கம் லேசாக நடுங்குவது இவர் கைக்குத் தெரிகிறது. இவர் தன் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.