ஜெலாப்பாங்கில் பிரித்த எஞ்சின்

கோப்பெங்கைத் தாண்டி என் கார் சூடேறி நின்றபோது பின் இருக்கையில் பெட்டி நிறைய இரத்தக் குப்பிகள் இருந்தன. சிலிம் ரிவரிலிருந்து வடக்கே வரும் சாலையில் இருக்கும் கிளினிக்குகளில் நோயாளிகளிடம் எடுத்த இரத்தத்தை வாங்கி வந்து, ஈப்போவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது என் வேலை. கார் என்னுடையது. அது ஓடாத நாளில் எனக்கும் வேலை இல்லை. அன்று குப்பிகளை வேறொருவர் வந்து எடுத்துப் போனார். காரை லோரியில் ஏற்றி, நான் குடியிருக்கும் காம்பாருக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

காம்பாரில் என் வீட்டருகே வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் இளவயதுக்காரர், மரியாதையானவர். தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது, அந்தச் சூட்டில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிட்டது என்றார்.

"அக்கா, இத சரி பண்றதவிட ஹாஃப்கட் எஞ்சின் ஒண்ணு போட்டுறலாம்லா."

ஜப்பானில் ஓடிக் கழித்த கார்களைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி இங்கே விற்கிறார்கள். அதைத்தான் ஹாஃப்கட் என்கிறோம். இந்த ஊரில் ஓடும் பழைய கார்களில் எத்தனையோ அப்படி வந்த எஞ்சினோடுதான் ஓடுகின்றன. நானும் சரி என்றேன். அதே வகை எஞ்சின் ஒன்றை அவர் தேடிக் கொண்டுவந்து மாட்டினார்.

புதிதாக மாட்டியது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் தண்ணீர் குறைந்தது. காலையில் ரேடியேட்டரை நிரப்பிவிட்டுப் போனால் சிலிம் ரிவர் சேர்வதற்குள் இறங்கியிருக்கும். காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. காம்பார் மெக்கானிக் குழாய்களை மாற்றினார், தண்ணீர் பம்பை மாற்றினார், ரேடியேட்டரின் மூடியைக்கூட மாற்றினார். தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. நான் குப்பிகளின் பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்களையும் அடுக்கிக்கொண்டு ஓட்டினேன்.

கடைசியில் அவர் கையை விரித்தார். "எனக்குத் தெரியலக்கா. ஈப்போவுல, ஜெலாப்பாங் பக்கம் ஒரு அண்ணன் இருக்காரு. ரொம்ப வருஷம் ஹாஃப்கட் கடையில வேலை செஞ்சவரு. ஜப்பான் எஞ்சின் அவருக்குத்தான் தெரியும்."

அவர் சொன்ன பெயர் என் முன்னாள் கணவருடையது. அது அந்த மெக்கானிக்குக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நாங்கள் பிரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அடி உதை இல்லை, குடி இல்லை, இன்னொரு பெண்ணும் இல்லை. காரணம் கேட்டு வந்த உறவினர்களுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருக்கப் பழகிவிட்டிருந்தோம். அந்தப் பழக்கத்தை நான் ஒரு நாள் நிறுத்தினேன், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. பிறகு அவர் மறுமணம் செய்துகொண்டதையும், சொந்தமாகக் கடை திறந்ததையும் பிறர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன்.

வேறு மெக்கானிக்குகள் ஈப்போவில் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குக் கார் ஓட வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில், வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஜெலாப்பாங் போய்ச் சேர்ந்தேன்.

தொழிற்பேட்டையில் வரிசையாக இருந்த கடைகளில் அவருடையது கடைசி. கதவருகே முருகன் படம், பிளாஸ்டிக் மாலை. அவர் ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டிக் காரைப் பார்த்தார்.

"என்ன கோளாறு?"

"தண்ணி குறையுது. எங்க போகுதுன்னு தெரியல."

"எஞ்சின் மாத்தினதா?"

"ஆமா. ஹாஃப்கட்."

விசாரிப்பு அதோடு முடிந்தது. முன்பு நான் அவரை ‘என்னங்க’ என்று அழைப்பேன். அன்று முழுக்க எந்த விளியும் இல்லாமலேயே பேசினேன். அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

எஞ்சின் ஆறும்வரை அவர் தொடவில்லை. ஆறியதும் எண்ணெய் அளவுக்கம்பியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் எண்ணெயில் கலந்திருந்தால் தேத்தாரேக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர், நிறத்தில் இருக்குமாம். அப்படி இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். தண்ணீர் உள்ளே புகுந்து எரிந்திருந்தால் அவற்றில் ஒன்று கழுவியதுபோல் இருக்கும் என்றார். எல்லாம் ஒரே பழுப்பு. பிறகு ரேடியேட்டர் வாயில் முள் வைத்த ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். முள் ஏறி நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது கீழே நகரத் தொடங்கியது.

"வெளியதான் போகுது," என்றார்.

டார்ச்சையும், நீண்ட பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்கின் பக்கவாட்டில், காசு போல வட்டமான தகட்டு மூடிகள் வரிசையாக இருந்தன. மற்றவை துருவேறிக் கிடக்க, ஒன்று மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

"இத யாரோ மாத்தியிருக்கான். பழசு வெளிய தள்ளிக்கிட்டு வந்திருக்கும். இது ஐஸ் கட்டின எஞ்சின்."

"நம்ம ஊர்ல எங்க ஐஸ்?"

"இங்க இல்ல. அங்க. ஸ்னோ விழற ஊர்ல ஓடின காரு. கூலண்ட் ஊத்தாம வெறும் தண்ணி ஊத்தி வெச்சிருப்பான். காரு ஓடாம வெளிய கெடந்திருக்கும். தண்ணி ஐஸ் ஆனா வீங்கும்ல? ஃப்ரீசர்ல வெச்ச போத்தல் மாதிரி."

சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். எங்கள் வாடகை வீட்டில் ஒருமுறை நான் சோடாப் போத்தலை ஃப்ரீசரில் வைத்து மறந்துபோய், அது வெடித்திருக்கிறது. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியவர் அவர். அது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

மூடி மட்டும் தள்ளியிருந்தால் பிரச்சினை இல்லை, பிளாக்கிலும் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிரிக்க வேண்டும் என்றார். பிரிக்கச் சொன்னேன்.

மதியத்துக்குள் புகைபோக்கிக் குழாயின் தகடுகள் கழன்று தரையில் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பிளாக்கின் மேல் யாரோ பசை பூசிச் சாயமும் அடித்திருந்தார்கள். அவர் அதைச் சுரண்டினார். அடியில் விரல் நீளத்துக்கு, முடி போன்ற ஒரு கோடு படுத்துக் கிடந்தது. மறுபடியும் பம்பினால் அழுத்தம் ஏற்றியபோது அந்தக் கோட்டில் நீர் முத்து முத்தாகப் பூத்தது. ஓடும்போது அந்த இடம் கொதிக்கும். கசிகிற நீர் உடனே ஆவியாகிவிடும். அதனால்தான் தரையில் ஈரமே இல்லை. எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதல்லவா.

அப்போதுதான் அவர் மனைவி உணவுக் கூடையோடு வந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். நான் யாரென்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

மூன்று பேரும் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். நெத்திலிச் சம்பலும் வெண்டைக்காயும். அவர் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் எஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அக்கா, இவரு அப்பவும் இப்படித்தானா? வாயே தொறக்க மாட்டாரா?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப இதவிட மோசம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் திரும்பி வந்து சொன்னதில் ஒரு வழி இருந்தது. ஐஸ் கட்டிய எஞ்சினின் பிளாக் இனி உதவாது. ஆனால் ஹெட் தட்டையாக, விரிசல் இல்லாமல் இருக்கலாம். என் பழைய எஞ்சினில் கெட்டது ஹெட் மட்டும்தான். அதன் பிளாக் நன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஓட்டிவிடலாம்.

"பழைய எஞ்சின் எங்க?"

"காம்பார்ல அந்த தம்பி கடையிலதான் இருக்கணும். பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டாரோ என்னவோ."

நான் போன் செய்தேன். பின்பக்கம் கிடக்கிறது, திங்கட்கிழமை இரும்பு லோரி வரும் என்றார் காம்பார்க்காரர். இன்றே போய் எடுத்துவிடுவோம் என்று இவர் லோரிச் சாவியை எடுத்தார்.

"நானும் வாரேன்," என்றாள் அவர் மனைவி.

சின்ன லோரி. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார வேண்டும். அவள் நடுவில் ஏறிக்கொண்டாள். கோப்பெங் வரை அவள்தான் பேசினாள். அவளுடைய அப்பா சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் செம்பனை ஆகி, இப்போது பாதி வீடமைப்பு ஆகிவிட்டது. அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை இருக்கிறதாம். அந்தக் கடையை எனக்குத் தெரியும்; அதன் எதிரில்தான் நான் குப்பிகள் வாங்கும் கிளினிக். அதைச் சொன்னதும் அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அக்கா, நீங்க ஏன் திரும்ப கல்யாணம் பண்ணிக்கல?" என்று திடீரென்று கேட்டாள்.

அவர் கியர் மாற்றினார். மாற்ற வேண்டிய இடமில்லை அது.

"தோணல," என்றேன். உண்மை அதுதான். அவளும் அதை ஏற்றுக்கொண்டு மறுபடியும் கார் கழுவும் கடைக்கே போய்விட்டாள்.

காம்பாரில் என் எஞ்சின் தகரக் கூரைக்கு அடியில், ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தது. மேலே சாக்கு போட்டிருந்தார்கள். சாக்கை எடுத்தபோது சிலிண்டர் சுவர்களில் லேசான துரு தெரிந்தது. அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார், விரல் சிவந்தது, அடியில் சுவர் வழுவழுப்பாக இருந்தது. இரும்பு ஸ்கேல் ஒன்றை மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டார். கடைசியாக, எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க நீளமான கம்பியைப் பொருத்தினார். அது சுற்றாவிட்டால் உள்ளே பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். வந்த காரியம் வீண்.

காம்பார் மெக்கானிக் பக்கத்தில் நின்று கவனித்தார். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, அக்காவ உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் மனைவிதான் பதில் சொன்னாள்.

"தெரியும் தம்பி. சொந்தம்தான்."

சாதாரணமாகச் சொன்னாள். மெக்கானிக் "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிட்டு, கம்பியின் மறுமுனையைப் பிடிக்க வந்தார். இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். முதலில் அசையவில்லை. மறுபடி அழுத்தியபோது தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் வந்து, சுற்றியது.

"உயிர் இருக்கு," என்றார் அவர்.

ஹெட்டை எந்திரக் கடைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அதில் விரிசல் இல்லை. மற்ற வேலைகள் முடியும்வரை நான் கேட்டுக்கொண்டதால், பரிசோதனைக்கூடத்தில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார்கள். எஞ்சின் தயார் என்று செய்தி வந்ததும் பேருந்தில் ஜெலாப்பாங் போனேன்.

என்னையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். சாவியைத் திருப்பினேன். இரண்டு மூன்று முறை முனகிவிட்டு எஞ்சின் பிடித்தது. நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டரில் பம்பைப் பொருத்தினார். முள் ஏறி நின்றது. அவர் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார். முள் அதே இடத்தில் நின்றது.

"பச்சத் தண்ணி ஊத்தாத. கூலண்ட் மட்டும் ஊத்து," என்றார்.

"இங்கதான் ஐஸ் கட்டாதே?"

"துரு பிடிக்கும்ல."

"சரி," என்றேன். நன்றி என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த காரின் பானெட்டைத் தூக்கினார்.

மறுநாள் காலை சிலிம் ரிவர்வரை நிறுத்தாமல் ஓட்டினேன். கிளினிக் வாசலில் எஞ்சின் ஆறக் காத்திருந்து திறந்து பார்த்தேன். தண்ணீர் வைத்த அளவிலேயே இருந்தது. குப்பிகளை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. பராமரிப்புக்கு ஜெலாப்பாங்குக்குத்தான் போகிறேன். அவர் என்னிடம் போனில் பேசுவதில்லை, நானும் அவரிடம் பேசுவதில்லை. அவர் மனைவிதான் அழைப்பாள். "அக்கா, எண்ணெய் மாத்தணுமாம், இவரு சொல்லச் சொன்னாரு. சனிக்கிழமை வாங்களேன், மீன் வாங்கி வெக்கிறேன்," என்பாள். வேலை இல்லாத சனிக்கிழமையாக இருந்தால் வருகிறேன் என்பேன். பெரும்பாலும் வேலை இருக்காது.