போரிக்கின் தாளை நான் எடுத்திருக்கக் கூடாது

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள். நான் குடிக்கிறவன் இல்லை. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை. மேஜைக்கு எதிரே கடிகாரம் மாட்டியிருந்தது. நேரம் உட்பட எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் டுலூத், மினசோட்டா. இருபது வருடமாக வியாழக்கிழமைதோறும் டோய்வோ வீட்டு நிலவறையில் மூன்று பேர் கதை விளையாட்டு ஆடுவோம். நான் ஆர்லன், கதை நடத்துபவன். குகை, பூதம், பொறி எல்லாம் என் பொறுப்பு. டோய்வோவும் வெர்னும் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாக இறங்குவார்கள். "கதவைத் திறக்கிறேன்" என்று அவர்கள் சொன்னால் நான் பகடையை உருட்டுவேன். பிழைப்பதும் சாவதும் பகடை விட்ட வழி. வெர்னின் ஆள் பெயர் போரிக். விளக்குப் பிடிக்கும் திருடன், வாய் ரொம்ப நீளம்.

டிசம்பர் ஒன்றாம் தேதி அவர்கள் இருவரும் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனார்கள். பனிக்கட்டி உடைந்து வெர்ன் உள்ளே விழுந்தான். டோய்வோ குப்புறப் படுத்துக் கயிறு வீசினான். வெர்ன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டான். டோய்வோ இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். கை மரத்துப் போனது. திடீரென்று பாரம் இல்லை. கயிறு கையில் இருக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. கரைக்கு ஊர்ந்து வந்தபோது கை வெறுமையாக இருந்தது. உடலும் கிடைக்கவில்லை, கயிறும் கிடைக்கவில்லை.

"நான்தான் விட்டுட்டேன்." டோய்வோ சொன்னது இவ்வளவுதான். பிறகு அவனுக்குப் பேச்சு நின்றது, சாப்பாடும் நின்றது. என் கதையும் அதேதான். வெர்னுக்கான பிரார்த்தனைக் கூட்டத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே பஞ்சு அடைத்தது போல இருந்தது.

ஜனவரியில் டோய்வோவின் அக்கா ஐனோ போன் செய்தாள்.

"ஆர்லன், கண்ணு முன்னாலயே செத்துட்டிருக்கான்ப்பா. டாக்டர்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேங்கறான். வந்து அந்த எழவு விளையாட்டையாவது ஆடேன்."

"ஒரே ஆள வச்சு எப்படிக்கா ஆடறது?"

"ஒரே ஆளுதானேப்பா மிச்சம்."

ஒற்றை ஆளுக்குக் கதை நடத்துவது தனி வேலை. தனியாக இறங்குகிறவன் முதல் அறையிலேயே செத்துவிடுவான். அதனால் துணைக்கு ஒருவனைக் கொடுத்து, அவனுக்கு நாமே குரல் கொடுப்போம். புதிதாக ஒருவனை எழுதியிருக்கலாம். எனக்குச் சோம்பல். பெட்டியிலிருந்து போரிக்கின் தாளை, அதாவது அவன் குணமும் பலமும் வெர்ன் எழுதி வைத்த தாளை, எடுத்துக்கொண்டு போனேன். செத்தவனின் ஆளை இன்னொருவன் ஆடக் கூடாது என்பது எங்களுக்குள் வழக்கம். தெரிந்தேதான் செய்தேன்.

ஜனவரி 12, வியாழன். மாலை 4:35. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மேலே ஐனோ சூப் வைத்துக்கொண்டிருந்தாள். டோய்வோ போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். தாளைப் பார்த்தான்.

கதையைத் தொடங்கினேன். கீழே இறங்கும் படிக்கட்டு, ஈரச் சுவர். போரிக்குக்காக ஒரு பகடை உருட்டினேன்.

டக்... டக்.

இரண்டு சத்தம். மேஜையில் ஒரு பகடைதான் கிடந்தது.

4:50. மறுபடி உருட்டினேன். டக்... டக். நிலவறை, எதிரொலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5:02. டோய்வோ சிரித்தான். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு.

"ஏன்டா சிரிக்கிற?"

"'விளக்க என்கிட்ட குடு, நீ கவுத்துருவ'ன்னியே. அப்படியே வெர்ன் மாதிரியே பேசறடா."

அதை நான் சொல்லவில்லை. அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரல் நுனியிலிருந்து தோள்வரை மரத்துக்கொண்டே வந்தது...

5:09. டோய்வோ இப்போது என்னைப் பார்க்கவில்லை. வெர்ன் உட்காரும் நாற்காலியைப் பார்த்தான்.

"கயிறா?... நான்தான்டா விட்டேன்."

நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தான்.

"பொய் சொல்லாத. எனக்காகப் பொய் சொல்லாத."

ஏரி வாடை அடித்தது.

டக்.

நான் எதையும் உருட்டவில்லை.

5:11. டோய்வோ மேஜையில் தலை கவிழ்ந்து அழுதான்.

"நான் விடலியாம் ஆர்லன்... அவனே அறுத்துக்கிட்டானாம். இல்லன்னா ரெண்டு பேரும் போயிருப்போமாம்."

அன்று அவன் இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். மனசு தனக்குத்தானே ஒரு ஆறுதல் சொல்லிக்கொண்டது, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். பிறகு அவன் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

ஏப்ரல் 27, அதுவும் வியாழன். ஏரி உருகி, வெர்ன் கிடைத்தான். அடையாளம் காட்ட நான்தான் போனேன். இடுப்பில் கயிறு அப்படியே இருந்தது. ஒரு முழம்தான். நுனி கத்தியால் அறுபட்டிருந்தது. அவன் கைக்குள்ளேயே மீன் கத்தி. விரல்களைப் பிரிக்க முடியவில்லை என்றார் அதிகாரி.

டோய்வோவுக்குச் சொல்ல வேண்டுமே. 4:50-க்கு அவன் வீட்டுக்குப் போன் செய்தேன். ஐனோ எடுத்தாள்.

"அக்கா, டோய்வோகிட்ட குடுங்க."

"கீழ உன்கூடத்தானே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

வியாழன் தவறாமல் நான் நிலவறையின் பின்கதவு வழியாக வந்து போவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பகடைச் சத்தம் கேட்குமாம். இருவர் சிரிக்கும் சத்தமும்.

ஜனவரி 12-க்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.